இருளில் நீளும் கயிறு

ஏற்காட்டு மலைப்பாதையில் சில்வர் ஓக் கட்டை ஏற்றிவந்த லாரி பழுதாகி நின்றுவிட்டால், இன்னொரு லாரி வந்து கயிறு கட்டி இழுத்துப்போகும். பகலில் கயிறு கண்ணுக்குத் தெரியும், பெரிய ஆபத்தில்லை. இரவில் நிலைமை வேறு. கொண்டை ஊசி வளைவில் காத்து நிற்கும் பைக்காரர் முதல் லாரியின் விளக்கைப் பார்க்கிறார். அது கடந்ததும் பாதை காலி என்று நினைத்துவிடுகிறார். இரண்டு லாரிகளுக்கும் நடுவே இருக்கும் கயிறு அவர் கண்ணில் படுவதில்லை. இதற்காகவே 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குவிதிகள் இரு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றன. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணில் எளிதாகப் படும்படி இருக்க வேண்டும், இழுபடும் வண்டியின் பின்னால் அறிவிப்புப் பலகை வேண்டும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லின.

இதே சிக்கல் தண்ணீரில் பல மடங்கு பெரிதாகிவிடுகிறது. அங்கே கயிற்றின் நீளம் 200 மீட்டரைத் தாண்டிப் போகலாம். பின்னால் வருவது பார்ஜ் எனப்படும், எஞ்சின் இல்லாத சரக்குப் படகு. சில நேரம் அதில் ஓர் ஆள்கூட இருக்க மாட்டார். பிரேக் கிடையாது. எந்தப் பக்கமும் நகரக்கூடிய நீரின்மேல், ஆற்றின் ஓட்டத்தோடு சேர்ந்து அது வந்துகொண்டிருக்கும். எதிரே துடுப்புப் படகில் வருகிறவருக்கு இதையெல்லாம் இருட்டில் சொல்ல என்ன வழி? கம்பத்தில் ஏற்றிய சில விளக்குகள் மட்டும்தான். ஒரு விளக்கு தான் இருக்கும் இடத்தைக் காட்டுவது எளிது. தனக்கு 200 மீட்டர் பின்னால், வெளிச்சமே இல்லாத இடத்தில் ஒன்று இருக்கிறது என்று அது காட்ட வேண்டும் என்பதுதான் கடினம். இழுவைப் படகுகளுக்கான விளக்கு விதி முழுவதும் இந்தக் கடினமான வேலையைச் சுற்றியே எழுந்தது.

மலைமேல் இருந்துகொண்டு ஆற்றுப் படகுகளைப் பற்றி எதற்குக் கவலை என்று தோன்றலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விழும் மழை இரண்டு பெரிய ஆறுகளுக்குப் போகிறது. வடக்குச் சரிவின் நீர் வாணியாறாகி, தென்பெண்ணையில் சேர்ந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலை அடைகிறது. தெற்கே இறங்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் ஊடாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. 2016-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய நீர்வழிகள் சட்டம் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டது. தென்பெண்ணையும் காவிரி–கொள்ளிடமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காகிதத்தில் அவை இன்று நீர்வழிச் சாலைகள். வருடத்தில் பல மாதம் மணல் தெரியும் ஆறுகளில் சரக்குப் படகு எப்படி ஓடும் என்ற கேள்வி நியாயமானதே, அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் இந்தியாவின் வேறு ஆறுகளில் சரக்கு ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

2022 பிப்ரவரி 16-ஆம் தேதி 'எம்.வி. ராம் பிரசாத் பிஸ்மில்' என்ற கலம் மேற்கு வங்கத்தின் ஹால்டியாவிலிருந்து புறப்பட்டது. அதனுடன் இரண்டு பார்ஜுகள். ஒன்றின் பெயர் கல்பனா சாவ்லா, மற்றொன்றின் பெயர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். இரண்டிலுமாக 1,793 டன் இரும்புக் கம்பிகள். வங்கதேச ஆறுகளின் வழியாகப் போய், பிரம்மபுத்திராவில் ஏறி, மார்ச் 15-இல் குவாஹாட்டியின் பாண்டு துறைக்கு அது வந்துசேர்ந்தது. மொத்த நீளம் 90 மீட்டர், அகலம் 26 மீட்டர். பிரம்மபுத்திராவில் அதுவரை ஓடிய கலங்களிலேயே அதுதான் நீளமானது. அந்தச் சுமையை 25 டன் ஏற்றும் லாரிகளில் பிரித்தால் 72 லாரிகள் வேண்டும். அத்தனை லாரிகளின் பாரத்தையும் ஒரே உடம்பாக்கி, பிரேக் இல்லாமல் நகர்த்துவதாக எண்ணிப் பாருங்கள். அப்படி ஒன்று இருட்டில் வரும்போது எதிரே இருப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

உள்நாட்டுக் கலங்களுக்கு இந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கு மேல் 1917-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறியது. 2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே முறையைக் கொண்டுவந்தது. விளக்கும் ஒலிக்குறியும் அதன் பாதுகாப்புப் பிரிவில் இடம்பெற்றன. விளக்குகளின் இலக்கணம் மட்டும் கடலிலிருந்து வந்தது. உலகக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான மோதல் தவிர்ப்பு விதிகள் 1972-இல் எழுதப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 24-ஆவது விதி இழுவைக்கு உரியது.

அந்த விதிக்குள் போகுமுன் சாதாரணக் கலத்தின் விளக்குகளைத் தெரிந்துகொள்வோம். பழைய மாலுமிகள் திசைகாட்டியின் வட்டத்தை 32 புள்ளிகளாகப் பிரித்தார்கள். ஒரு புள்ளி 11.25 பாகை. கலத்தின் வலப்பக்கப் பச்சை விளக்கு நேர் முன்னிலிருந்து 10 புள்ளிகள் வரை தெரியும். இடப்பக்கச் சிவப்பும் அப்படியே. மிச்சமுள்ள 12 புள்ளிகளைப் பின்புற வெள்ளை விளக்கு எடுத்துக்கொள்ளும். பத்து, பத்து, பன்னிரண்டு, வட்டம் நிறைந்துவிட்டது. கம்பத்தின் வெள்ளை விளக்கு பச்சையும் சிவப்பும் சேர்ந்து மூடும் 20 புள்ளிகளுக்கு, அதாவது 225 பாகைக்குத் தெரியும். ஆகவே எங்கே நின்று பார்த்தாலும் ஏதோ ஒரு விளக்குக் கூட்டு கண்ணில் படும். அந்தக் கூட்டைக் கொண்டே கலம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று சொல்லிவிடலாம்.

இழுவைப் படகு இதற்குமேல் ஒரு வெள்ளை விளக்கைக் கம்பத்தில் கூட்டிக்கொள்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை. இந்த வழக்கம் பழையது. 1863-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒத்துக்கொண்ட விதிகளிலேயே, இன்னொரு கப்பலை இழுக்கும் நீராவிக் கப்பல் செங்குத்தாக இரண்டு வெள்ளை விளக்கு காட்ட வேண்டும் என்று இருந்தது. பிறகு நீராவி போய் டீசல் வந்தது, எண்ணெய் விளக்கு போய் எல்.இ.டி. வந்தது. இரண்டு வெள்ளை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஏன் செங்குத்தாக? பக்கவாட்டில் இரண்டு வைத்தால் என்ன? இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பக்கவாட்டில் வைத்த இரண்டு விளக்குகளுக்கு இடையே தெரியும் தூரம் படகு திரும்பத் திரும்ப மாறும். நேர் முன்னிலிருந்து பார்த்தால் விலகியிருக்கும், கோணம் மாறினால் நெருங்கும், ஒரு கோணத்தில் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். செங்குத்தாக வைத்ததற்கு அந்தக் குறை இல்லை. எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் மேலே இருப்பது மேலேயே இருக்கும், இடைவெளியும் மாறாது. 'நான் யார்' என்ற செய்தி பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறக் கூடாது. அதனால் அது செங்குத்தில் எழுதப்படுகிறது. 'நான் எங்கே திரும்பியிருக்கிறேன்' என்ற செய்தி மாறத்தான் வேண்டும். அதற்குக் கிடைமட்டம். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கப்பல்கள் முன்னால் தாழ்வாக ஒன்று, பின்னால் உயரமாக ஒன்று என்று இரண்டு கம்ப விளக்கு வைப்பது இதற்காகவே. அவற்றின் இடைவெளி விரிவதையும் சுருங்குவதையும் பார்த்தே கப்பல் திரும்புகிறது என்று கண்டுகொள்வார்கள்.

செங்குத்து விளக்குகளுக்கு இடையே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு நம் கண்ணே அளவுகோல். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும். 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலத்தில் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி என்கிறது விதி. கணக்குப் போட்டால், 2 மீட்டர் இடைவெளி சுமார் 7 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இரண்டாகப் பிரிந்து தெரியும். அதற்கு அப்பால் ஒரே புள்ளி. சேலத்துச் சமவெளியில் வெகு தொலைவில் போகும் லாரியின் இரண்டு முகப்பு விளக்குகள் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து பார்க்கையில் ஒன்றாகத் தெரிவதும் இதனால்தான். பெரிய கலத்தின் கம்ப விளக்கு 6 கடல் மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் வரை தெரிய வேண்டும். எனவே முதலில் ஏதோ ஒரு கலம் என்று மட்டும் தெரியும். நெருங்க நெருங்க அந்த ஒற்றைப் புள்ளி இரண்டாகும். இது எதையோ இழுத்துவருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இதற்கு வேண்டிய வெளிச்சம் மிகக் குறைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஏறக்குறைய ஒரு கேண்டெலா. தெளிந்த இரவில் 2 கடல் மைலுக்குத் தெரிய 4.3 கேண்டெலா போதும், 3 கடல் மைலுக்கு 12, ஆறு மைலுக்கு 94. காரின் முகப்பு விளக்கோ முழு வீச்சில் பல்லாயிரம் கேண்டெலா. இருட்டுக்குப் பழகிய கண் அவ்வளவு நுட்பமானது. அப்படிப் பழக அதற்கு அரை மணி நேரம் வரை ஆகும். ஒரே ஒரு கூசும் விளக்கு அடித்தால் அந்த அரை மணி நேரமும் வீண்.

இனி கயிற்றுக்கு வருவோம். இழுவைப் படகின் பின்புறத்திலிருந்து கடைசி பார்ஜின் பின்முனை வரை 200 மீட்டரைத் தாண்டினால் கம்பத்தில் இரண்டு வெள்ளை மூன்றாகும். பழைய விதிகளில் இந்த எல்லை 600 அடியாக இருந்தது. மூன்று வெள்ளை தெரிந்தால், பின்னால் நீண்ட ஓர் இருட்டு தொடர்கிறது என்று பொருள். பின்புற வெள்ளை விளக்குக்கு நேர் மேலே ஒரு மஞ்சள் விளக்கும் உண்டு. அதை 1972 விதிகள்தான் கொண்டுவந்தன. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு, வெள்ளைக்கு மேலே மஞ்சள் தெரிந்தால் முன்னே போவது இழுவைப் படகு என்று பொருள்.

பக்கவாட்டில் காத்திருக்கும் சிறு படகுக்காரர் என்ன பார்ப்பார் என்று வரிசையாகச் சொல்கிறேன். இடமிருந்து வலமாக ஒரு தொடர் அவர் முன்னே போகிறது என்று கொள்வோம். முதலில் செங்குத்தாக மூன்று வெள்ளை, கீழே ஒரு பச்சை. கலத்தின் வலப்பக்கம் அவரைப் பார்த்திருக்கிறது. அவை வலப்புறம் நகர்ந்து போகின்றன. பிறகு எதுவுமே இல்லாத இருட்டு. வெகு நேரம் கழித்து, கம்ப விளக்கு இல்லாமல், தாழ்வாக ஒரே ஒரு பச்சை, அது பார்ஜ். கடைசியாக ஒரு வெள்ளை. நடுவில் வந்த அந்த வெற்று இருட்டில்தான் உயிர் போகும். நீருக்கு மேலே இறுகியும் நீருக்குள் தொய்ந்தும் மாறி மாறி வரும் இரும்புக் கயிறு அங்கே இருக்கிறது. அதில் மாட்டிய படகை, பின்னால் வரும் பார்ஜ் அப்படியே மேலே ஏறி அமுக்கிவிடும். ஆகவே கம்பத்தில் இரண்டோ மூன்றோ வெள்ளை பார்த்தவர், கடைசிப் பின்விளக்கைக் கண்டபிறகே குறுக்கே போகலாம். ஆற்றங்கரைப் பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய பாடம் இது.

ஆறுகளில் கயிற்றைவிடத் தள்ளுவதே பெரும்பாலும் வசதி. வளைவில் நீரோட்டம் பார்ஜை வெளிப்பக்கம் வீசி அடிக்கும். கயிறு இழுக்க மட்டுமே உதவும், நிறுத்த உதவாது. முன்னே போகும் படகு வேகம் குறைத்தால் பின்னே வரும் பார்ஜ் அதன்மேலேயே வந்து ஏறக்கூடும். பார்ஜுகளை முன்னால் வைத்து, இறுக்கிக் கட்டி, பின்னாலிருந்து தள்ளினால் எல்லாம் ஒரே உடம்பு. மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதியில் அகலவாக்கில் மூன்று, நீளவாக்கில் ஐந்து என்று 15 பார்ஜுகளை ஒரே படகு தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பார்ஜும் ஏறத்தாழ 60 மீட்டர் நீளம். ஓட்டுகிறவருக்கு 300 மீட்டருக்கு முன்னால்தான் அவருடைய 'மூக்கு' இருக்கிறது.

இங்கே இருட்டு பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. விளக்கும் இடம் மாற வேண்டும். சர்வதேச விதியில் தள்ளும் படகுக்கும் செங்குத்தாக இரண்டு வெள்ளை உண்டு, மஞ்சள் கிடையாது. தள்ளப்படும் கூட்டத்தின் முகப்பில் பச்சையும் சிவப்பும் இருக்கும். அமெரிக்க உள்நாட்டு விதி ஒரு படி மேலே போய், கூட்டத்தின் முன்முனையில் நிமிடத்துக்கு 50 முதல் 70 முறை மின்னும் மஞ்சள் விளக்கை வைத்தது. பின்புறத்தில் வெள்ளைக்குப் பதில் செங்குத்தாக இரண்டு மஞ்சள். ஐரோப்பாவின் ரைன் போன்ற ஆறுகளில் தள்ளப்படும் கூட்டத்தின் முன்னால் மூன்று வெள்ளை விளக்குகள் முக்கோணமாக நிற்கும். மூன்றிலும் நம் ஆறுகளுக்கு ஏற்றது அந்த மின்னும் மஞ்சள்தான் என்பது என் கருத்து. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் எதிரே வருபவர்களில் பலர் விதிப்புத்தகம் படித்த மாலுமிகள் அல்லர். மீன் பிடிப்பவர்கள், அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகிறவர்கள். சிவப்பு எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. துடிக்கும் ஒரு வெளிச்சம் இங்கே ஒரு முனை வருகிறது என்பதைப் படிக்காமலே உணர்த்திவிடும்.

விளக்கு யார் என்று சொல்லிவிட்டது. அடுத்து, யார் யாருக்கு வழிவிடுவது? மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் குறுகலான இடத்தில் சந்தித்தால் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். இதைச் சட்டமும் சொல்கிறது, ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய ஓட்டுநர்களும் சொல்வார்கள். மிசிசிப்பியில் இது தலைகீழ். அங்கே நீரோட்டத்தோடு இறங்கிவரும் கலத்துக்கே முதல் வழி. எதிர்த்து ஏறுகிறவர் ஓரமாகக் காத்திருக்க வேண்டும்.

முரண்பாடுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. படகின் சுக்கான் வேலை செய்ய அதன்மேல் தண்ணீர் பாய வேண்டும். அதற்கு நீரைப் பொறுத்தமட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் தேவை, ஆற்றின் ஓட்டம் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்து ஏறும் படகு கரையைப் பொறுத்து 3 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே முழுக் கட்டுப்பாட்டோடு இருக்கும். இறங்குகிற படகுக்கு அதே கட்டுப்பாடு வேண்டுமானால் கரையைப் பொறுத்து 13 கிலோமீட்டரில் ஓடியாக வேண்டும். வேகத்தைக் குறைத்தால் சுக்கான் செத்துவிடும், ஆறு அதைத் தன் விருப்பப்படி திருப்பும். மலையில் இது லாரிக்கு எதிர்ப்பக்கமாக வருகிறது. பாரத்தோடு ஏறும் லாரி நின்றுவிட்டால் மறுபடி கிளம்பத் திணறும், பின்னால் உருளவும் கூடும். நின்று மறுபடி எழ முடியாதவருக்கு வழிவிடு என்பதே இரண்டு இடத்திலும் விதி. இழுவைப் படகு கூடுதல் விளக்கு ஏற்றிக்கொள்வதும் அது எளிதில் நிற்கவோ திரும்பவோ முடியாத கலம் என்பதை அறிவிக்கத்தான். திசை மாறவே மிகவும் கடினம் என்றால் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று செங்குத்தாக மூன்று விளக்குகளையும் சேர்த்து ஏற்றச் சொல்கிறது விதி.

பனிமூட்டம் வந்தால் இந்த இலக்கணம் முழுவதும் மங்கிவிடும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் மாலைகளில் மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று சொல்லிக் காருக்கு மஞ்சள் பல்பு மாட்டிவருகிறவர்கள் உண்டு. இயற்பியல் அதை ஒத்துக்கொள்வதில்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பனி வெண்மையாகத் தெரிவதே அதனால்தான். இழுவைப் படகின் மஞ்சள் விளக்கும் வெள்ளையிலிருந்து வேறுபட்டுத் தெரிவதற்காக வைத்தது. பனியில் அதற்கென்று தனிச் சக்தி இல்லை.

கண் கைவிட்ட இடத்தில் காது வருகிறது. பனியில் இழுவைப் படகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது நீளமாக ஒன்று, குறுகியதாக இரண்டு ஊத வேண்டும். இழுபடும் கலத்தில் ஆள் இருந்தால் அதற்கு மறுமொழிபோல உடனே நீளமாக ஒன்று, குறுகியதாக மூன்று. கண்ணுக்குத் தெரியாத கயிற்றின் இரு முனைகளும் இப்படிக் காதுக்குக் கிடைத்துவிடுகின்றன. மறைவான வளைவை நெருங்கும்போது ஒரு நீண்ட ஊதல். எதிரே ஆள் இருந்தால் அவரும் ஒரு நீண்ட ஊதலால் பதில் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் கடற்கரைக்கு நேரடியாக உதவும் ஒரு பகுதியும் 24-ஆவது விதியில் இருக்கிறது. எஞ்சின் நின்றுபோன ஃபைபர் படகை இன்னொரு மீன்பிடிப் படகு இரவில் கயிறு கட்டிக் கரைக்குக் கொண்டுவருவது தமிழகக் கடற்கரையில் புதிதல்ல. அவர்களிடம் இரண்டு வெள்ளை விளக்கும் மஞ்சள் விளக்கும் இருக்காது. விதி எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக இழுவை வேலை செய்யாத கலம், ஆபத்தில் இருக்கும் இன்னொன்றை இழுக்கும்போது அந்த விளக்குகள் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை முடிந்த வழியிலெல்லாம் காட்ட வேண்டும், குறிப்பாகக் கயிற்றின்மேல் வெளிச்சம் அடிக்க வேண்டும். ஒரு நல்ல டார்ச் லைட் போதும். மீனவர் பயிற்சி முகாம்களில் உயிர்காப்பு மேலங்கியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் உயிர்கள் மிஞ்சும்.

விளக்கு விதிக்கு இன்று பெரிய எதிரி கரைதான். லேடீஸ் சீட்டில் நின்று இரவில் சேலத்தைப் பார்ப்பவர் அதன் லட்சம் விளக்குகளை ரசிக்கலாம். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு பேருந்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் முடியாது. வாரணாசியிலும் குவாஹாட்டியிலும் படகோட்டியின் நிலை அதுதான். படித்துறைகளின் எல்.இ.டி. விளக்குகளும் விளம்பரப் பலகைகளும் பாலங்களின் வண்ண அலங்காரங்களும் பின்னணியில் எரிகையில், 12 கேண்டெலா பச்சை விளக்கு எங்கே தெரியும்? கலங்கள் தங்கள் குறிவிளக்குகளைக் குழப்பும் வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்று சர்வதேச விதி கண்டிப்பாகச் சொல்கிறது. அந்த விதி கலத்தைத்தான் கட்டுப்படுத்தும், ஆற்றங்கரை ஓட்டலை அல்ல. கரையோர விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். செலவும் அதிகமில்லை. தென்பெண்ணையிலோ கொள்ளிடத்திலோ என்றாவது பார்ஜ் ஓடும் நாள் வருமானால், படித்துறை கட்டும் ஒப்பந்தத்திலேயே இந்த மேல்மூடியையும் எழுதிவிட வேண்டும். பிறகு பிடுங்கி மாட்டுவதைவிட அது எளிது.